அக்கா தின்ற ரொட்டி

என் அக்காவைப் போல ஒரு கல்லுளிமங்கியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. சலவைக் கடையின் உள்ளறையில் அவள் இஸ்திரி போடுவாள். நான் முன்னால் உட்கார்ந்து துணி வாங்கி, அடையாளத் துண்டு குத்தி உள்ளே தள்ளுவேன். காலர், தோள், கை, கடைசியில் முதுகு என்று ஒவ்வொரு சட்டையாக அவள் கைக்குள் படிந்து போகும். பகல் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்தும் வாயைத் திறக்கமாட்டாள். பேச்செல்லாம் என்னுடையது. வருகிறவர்களோடு சண்டையும் என்னுடையதுதான்.

கல்யாணம் வேண்டாம் என்றாள், ஏன் என்று சொல்லவில்லை. சின்ன வயதிலேயே பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள், அதற்கும் காரணம் சொல்லவில்லை. அம்மா அழுது பார்த்தாள், அப்பா அடித்தே பார்த்தார். "சாமி முன்னாடி நிக்க எனக்கு யோக்கியத இல்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். திமிர் பிடித்தவள் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். அந்த வாயாடி எங்கெங்கோ போய்ப் படித்து, சினிமா எடுக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் தன் சின்ன வயதையே ஒரு படமாக எடுத்துவிட்டாள். பகல் காட்சி ஒன்றுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தாள். நானும் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

படத்தில் இரண்டு சிறுமிகள். ஒருத்தியின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பும்வரை தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று இருவரும் கூடத்தில் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் அம்மா இறந்துபோகிறாள். சாமியே கிடையாது என்று மகள் கத்துகிறாள். அப்போது தோழி வந்து பக்கத்தில் நிற்கிறாள். உதடு வெடித்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல். எனக்காக ஒருத்தி இப்படி வாடி நிற்கும்போது சாமி எப்படி இல்லாமல் போவார் என்று அந்த மகள் மறுபடியும் கை கூப்புகிறாள். அதைப் பிடித்துக்கொண்டே வளர்ந்து பெரியவளாகிறாள். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நானும்தான்.

அக்கா மட்டும் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது என் காதோரம் வந்து, "நான் சாப்பிட்டேன்டி" என்றாள்.

"எப்போ? இடைவேளையிலயா?"

"அப்போ. அவளோட விரதம் இருந்தப்போ. பசி தாங்கல. நம்ம அம்மா வெளிய போன நேரம் ஒரு துண்டு ரொட்டிய எடுத்து, கதவுக்குப் பின்னாடி நின்னு முழுங்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே அவங்கம்மா போயிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! சின்னப் புள்ள ரொட்டி தின்னுச்சுன்னு ஒரு பொம்பள உசுர எடுப்பாரா உன் சாமி? அவருக்கு வேற வேல இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "அவகிட்ட சொல்லிடணும்" என்றாள். இதற்காகவா கல்யாணம் காட்சி இல்லாமல் ஒரு பெண் தன் வாழ்க்கையையே பாழாக்கிக்கொள்வாள்?

சொல்லும் வாய்ப்பும் வந்தது. ஒரு நாள் வாயாடியே கடைக்கு வந்தாள். பேச்சே இல்லாமல் வந்தாள். அவளுடைய ஒரே மகளுக்குத் தலைக்குள் கட்டி, மறுநாள் ஆபரேஷன்.

"டாக்டருங்களே கைய விரிக்கிறாங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு உன்ன விட்டா யாருடி இருக்கா? அவ கண்ண முழிக்கிறவரைக்கும், அன்னைக்கு மாதிரி ரெண்டு பேரும் இருப்போமா?"

சொல்லிவிடு என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். "இருக்கேன்" என்றாள்.

அவள் போனதும் நான் குதித்தேன். "ஏன்டி சொல்லல?"

"நானும் பட்டினி கெடந்தேங்கிற நம்பிக்க மேலதான் அவ நிக்கிறா. அத நான் எப்படிப் புடுங்குறது? இந்தத் தடவ ஒழுங்கா இருந்துட்டேன்னா, அப்போ பண்ணதுக்கும் சேத்து நேராயிடும். குழந்த பொழைச்சுக்கும்."

இருந்தாள். நீராவி முகத்தில் அடிக்கிற அந்த அறையில், வெறும் தண்ணீரோடு, ஹோட்டல் விரிப்புகளை இழுத்து இழுத்துத் தேய்த்தாள். ஆபரேஷன் முடிந்தும் குழந்தை கண் விழிக்கவில்லை என்று செய்தி வந்தது. அக்கா தலை சுற்றி, முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். நான் பாலை ஆற்றி எடுத்துப் போய்க் கெஞ்சினேன், திட்டினேன், "செத்துத் தொலைஞ்சிடாதடி, எனக்கும் நீ ஒருத்திதான்டி இருக்க" என்று அழவும் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உதடு வெடித்திருந்தது.

குழந்தை கண் விழிக்காமலே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள். படத்தில் வந்த மாதிரி வாயாடி மறுபடியும் கை கூப்புவாள் என்று நான் நினைத்தேன். அவள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் சாப்பிடலதான?"

"சத்தியமா இல்லடி."

"நானும் இல்ல. அப்பவும் ஒழுங்காத்தான் இருந்தோம், இப்பவும் ஒழுங்காத்தான் இருந்தோம். கேக்குறதுக்கு அங்க யாருமே இல்லடி. நாமதான் பைத்தியக்காரச்சிங்க மாதிரி பட்டினி கெடந்திருக்கோம்." எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "போய்ச் சாப்பிடு."

வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்தேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, அன்னைக்கு நான் தின்னதுக்கும் அவங்கம்மா போனதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்படித்தான?"

"இல்லவே இல்லடி! அதத்தான அன்னைக்கே பஸ்ஸுல தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!" அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை வருஷப் பாரம் இறங்கியது என்று உண்மையாகவே நம்பினேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"தப்பு என் மேலன்னு இருந்தவரைக்கும் மேல ஒருத்தர் இருந்தாருடி. என் மேல கோவமா இருந்தாரு, ஆனா இருந்தாரு."

பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, பிசைந்து, வாய் வாயாகச் சாப்பிட்டாள். சாப்பிடு சாப்பிடு என்று அத்தனை கெஞ்சிய என்னாலேயே அதைப் பார்க்க முடியவில்லை.