அக்கா டோஸ்

சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டு சாயத்தண்ணீர்கூட விழக்கூடாது என்பது உத்தரவு. திருப்பூரில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. மெஷின் ஓட்டியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் பட்டறையில் மிஞ்சியது முதலாளி, வாட்ச்மேன், டையிங் மாஸ்டர், அப்புறம் லேபில் அக்காவும் நானும்தான்.

அக்கா தூத்துக்குடிக்காரர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். மதியம் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருக்கும். எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை என்று தெரிந்ததும், தானாகவே ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். கொஞ்ச நாளில் நானும் அந்த ஜன்னலுக்கே போய், அவர் குழம்பைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பட்டறை மறுபடி ஓட வேண்டுமென்றால் சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்தாக வேண்டும். புதிதாகப் போட்ட ஃபில்டரில் நல்ல தண்ணீர் பிரிந்து வந்துவிட்டது. அதை எடுத்தபின் தங்கும் கடும் உப்புத் தண்ணீரை என்ன செய்வது? காய்ச்சி உப்பாக்கிக் குவிக்கலாம். குவித்த உப்பை எங்கே கொட்டுவது?

"சாயம் துணியில ஏறணும்னா உப்புதான வேணும்? இதுலயும் உப்புதான இருக்கு. இதையே திரும்பச் சாயத்துக்கு ஊத்துனா என்ன?" என்றார் அக்கா.

மாஸ்டர் சிரித்தார். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். "ஊத்தலாம்மா. துணி திட்டுத் திட்டா வந்தா நஷ்டத்த யாரு கட்டறது?"

அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. பீக்கரில் நனைத்த துணித் துண்டுகளை லேபில் கயிறு கட்டிக் காயப்போடுவேன். எல்லாமே திட்டு. அந்தத் தண்ணீரில் உப்போடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்திருந்ததுதான் காரணம். அக்கா சோடா ஆஷ் என்கிற சலவைச் சோடாவைப் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் தேவலை. காஸ்டிக் சோடா சேர்த்துப் பார்த்தார். கலங்கி நின்ற தண்ணீர் தெளியவே இல்லை. எதை முதலில் போடுவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். கயிற்றில் இடமில்லாமல் ஃபேன் கம்பியிலும் துணி தொங்கியது.

ஒருநாள் காலையில் நான் உள்ளே போனபோது ஜாடியின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. மேலே தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அக்கா நேராக மாஸ்டரிடம் போய், "சின்ன மெஷினை ஒரு தடவை எனக்காகப் போடுங்க பாய்," என்றார். திட்டு வந்தால் உடனே தெரிகிற இளநீலத்தையே கேட்டார்.

துணி வெளியே வந்ததும் மாஸ்டர் அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மடித்துப் பார்த்தார். "ஒரே சீரா இருக்கும்மா," என்றார். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பசிக்குது ஏட்டி. காலைல இருந்து ஒண்ணும் திங்கல," என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

விஷயம் பரவியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். அக்கா எதையும் மறைக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஜாடியை வைத்தே செய்துகாட்டினார். முதலாளிக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நம்ம பட்டறைல கண்டுபிடிச்சத இப்படி ஊருக்கெல்லாம் சொல்லித் தரலாமுங்களா?"

"ஆத்துல நம்ம தண்ணி மட்டுமா சார் ஓடுது?"

முதலாளி வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு, "வர்றவிங்களுக்கு டீ வாங்கிக் குடுங்க," என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அக்கா கல்யாணமாகி ஊருக்கே போய்விட்டார். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். தண்ணீரைத் திரும்ப எடுப்பதில் திருப்பூர் சாதித்ததைப் பற்றி யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் நான் காது கொடுத்துக் கேட்பேன். ஒருவர்கூட அக்காவைச் சொன்னதில்லை. அந்த ஜன்னலையும் கயிற்றில் தொங்கிய துணிகளையும் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் வேலை விஷயமாக அவிநாசிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் பீகார்க்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் தமிழில் என்னிடம் சொன்னார்: "மேடம், அக்கா டோஸ் போட்டாச்சு. இனி தெளியணும்."

"என்ன டோஸ்?"

"அக்கா டோஸ். சோடா ஆஷ், அப்புறம் காஸ்டிக். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் சொல்றாங்க."

"எந்த அக்கா?"

"அது தெரியாது மேடம். ஏதோ ஒரு அக்கா."

நான் அங்கேயே நின்று வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டேன். திரையில் வந்த அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. "இவங்கதாங்க அந்த அக்கா," என்று போனை அவரிடம் காட்டினேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயில் கைவைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமானது.

பிறகு, "ஏட்டி, எல்லா இடத்துலயும் ஒரே அளவா போடுதாவளா? தண்ணிக்குத் தண்ணி மாறும்லா. டெஸ்ட் பண்ணித்தான போடணும்?" என்றார்.

"பண்ணிட்டுத்தான் போடறோம்," என்றார் பீகார்க்காரர்.

"அப்ப சரி. அந்தத் தொட்டியக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

அவர் போனை வாங்கிக்கொண்டு தொட்டியின் விளிம்புக்குப் போனார்.