வையம்பட்டிப் பக்கம் ஓர் இங்கிலீஷ் கோயில்

போன வாரம் தில்லைநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையைப் பழங்கால இங்கிலாந்துக் கிராமத்து தேவாலயம் மாதிரி ஜோடித்திருந்தார்கள். உச்சியில் கூராகச் சேரும் வளைவு, கல்கல்லாகச் சுவர், சுவரில் பாசிகூட. எல்லாம் தெர்மாகோல். கட்டட வேலையில் காலம் தள்ளியவனுக்குக் கை சும்மா இருக்குமா? விரலால் தட்டிப் பார்த்தேன்.

"தொடாதீங்க சார், விழுந்துடும்!" என்று அலங்காரக்காரர் ஓடி வந்தார்.

என் வாழ்க்கையில் நான் வரைந்த ஒரே கூர்வளைவைப் பார்த்தும் ஒரு ஊரே இதைத்தான் சொன்னது.

அப்போது மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த இன்ஜினியர் ஆபீஸில் நான் வரைபடம் போடுகிறவன். பிரிண்ட் எடுக்கும் அமோனியா நெடி சட்டையைவிட்டுப் போகவே போகாது. சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வையம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு போதகர் வந்தார். அவர் சபையில் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய ஓட்டுக் கோயில் புயலில் விழுந்துவிட்டது. புதிதாகக் கட்ட வேண்டும். கையில் சட்டம் போட்ட ஒரு படம்: இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பல நூறு வருஷமாக நிற்கிற கல் கோயில்.

"இதே மாதிரி வேணும். கல்லு எங்க ஊர்லயே கிடைக்குது" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குக் 'கோயில்' என்றால் ஒன்றுதான் உண்டு. இருந்தாலும், "அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்றேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

வரைந்துகொண்டு போய்க் காட்டினேன். ஐயர் வெகுநேரம் பார்த்தார். "தம்பி, கோபுரத்த ஏன் பீடத்துக்கு மேல வச்சிருக்கீங்க?"

சாமிக்கு மேலே விமானம் இல்லாமல் எப்படி என்று என் கை தானாக வைத்துவிட்டது. "மணி கட்டுறதுக்குத்தான் கோபுரம். அது மேற்கால, சனங்க உக்கார்ற பக்கம் வரும். பீடம் கிழக்கால" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். படத்தை மறுபடி பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நீளமான கூடம், அதன் கிழக்கே ஒரு பெரிய கூர்வளைவு, வளைவைத் தாண்டினால் பீடம் இருக்கும் சின்ன அறை. நம் மண்டபமும் கருவறையும்தானே என்று தேற்றிக்கொண்டு மாற்றி வரைந்தேன். கூரையை மட்டும் படத்தில் இருந்த செங்குத்துச் சரிவிலேயே விட்டுவிட்டேன். பனிக்கட்டி தங்காமல் வழிவதற்காக அங்கே அப்படி வைத்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வையம்பட்டியில் மழையே விருந்தாளி மாதிரிதான் வரும்.

கட்டடம் எழும்பியது. வளைவின் கற்களைத் தாங்க அடியில் மரச்சட்டமும் முட்டுக்கட்டைகளும் கொடுத்திருந்தார்கள். அவற்றை எடுக்க வேண்டிய சமயம் பார்த்து முதலாளிக்கு மஞ்சள் காமாலை. நான் போனேன்.

ஊரே கூடியிருந்தது. இரண்டு நாளில் அங்கே முதல் கல்யாணம். மணப்பெண் கிரேஸ், அந்த ஊர்ப் பள்ளி டீச்சர். சொந்த ஊர்க் கோயிலில்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று, கட்டடம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டைக் காக்க வைத்திருந்தவர். மேஸ்திரி சின்னப்பன் வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டி உதறினார்.

"நான் முட்ட உருவ மாட்டேன் சார். ரவுண்டா இருந்தா நிக்கும். இது நடுவுல ஒடிஞ்சாப்ல இருக்கு. விழுந்துடும்."

கூர்வளைவு பாரத்தைச் சுவருக்குள் நேராக இறக்கிவிடும், பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க உதைச்சுவர் வேறு இருக்கிறது என்று விளக்கினேன். எல்லாம் முந்தின நாள் படித்தது.

"அப்படீன்னா நீங்க கீழ நில்லுங்க. நான் உருவுறேன்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

போய் நின்றேன். வேறு வழி? தலைக்கு மேலே அத்தனை கல். வரைபடத்தில் இத்தனை போட்டேனா என்று எண்ண ஆரம்பித்தேன். அப்போது கிரேஸ் டீச்சர் கூட்டத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவருடைய அப்பா, "ஏம்மா, வெளிய வா!" என்று கத்தினார்.

"நாளன்னிக்கு இங்கதானப்பா நிக்கப் போறேன். அன்னிக்கு விழுந்தா மாப்பிள்ளையும் சேந்து மாட்டுவாரு. இன்னிக்கே பாத்துடலாம்" என்றார் டீச்சர்.

சின்னப்பன் முட்டுக்கட்டையைத் தட்டினார். சட்டம் இறங்கியது. மேலே 'க்ரக்' என்று ஒரு சத்தம். சுண்ணாம்புத் தூள் கொட்டியது. "ரங்கா!" என்று அலறிக்கொண்டு நான் குந்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வளைவு அசையாமல் நின்றது. டீச்சர் நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா சார்?"

குந்தியபடியே தலையாட்டினேன். கூட்டத்தில் யாரோ, "கோயிலுக்குள்ள மொதோ பிரார்த்தனை பெருமாளுக்குப் போயிடுச்சு ஐயரே" என்றார்கள். ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணத்துக்கு என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பாட்டு நடக்கும்போதெல்லாம் நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வீடுகள், கல்யாண மண்டபங்கள் வரைந்தேன். எதற்குக் கீழேயும் யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் திண்டுக்கல் போகிற வழியில் அந்த ஊரில் இறங்கினேன். சபை பெரிதாகிவிட்டது. ஏ.சி. போட்ட கண்ணாடிக் கோயில், வாசலில் எல்.இ.டி. திரை, ஸ்பீக்கர். பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். ஐயரும் சின்னப்பனும் காலமாகிவிட்டார்கள். டீச்சர் மகளோடு ஓசூரில் இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். இப்போதைய போதகர் இளைஞர். "அந்த வளைவ இடிக்கத்தான் சார் ரொம்பப் பாடாப் போச்சு. மிஷினே திணறிடுச்சு" என்றார். சந்தோஷப்படக் கூடாது என்று எவ்வளவோ முயன்றேன்.

வளைவு நின்ற இடத்தில் இப்போது சிமென்ட் தளம், வண்டி நிறுத்த. உத்தேசமாக அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அண்ணாந்து பார்த்தேன். ஆகாசம்தான் இருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டிய எடுக்கணும்" என்றது ஒரு குரல்.

தள்ளி நின்றேன்.