ஐம்பது வயதும் ஜன்னலோர சீட்டும்

போன வாரம் எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் ஒரு கைகலப்பு. கலந்த கைகளில் இரண்டு என்னுடையவை.

செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீஸுக்குப் போகிற பஸ் அது. பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்றாகக் கல்யாணம், ஒன்றாக ஹவுசிங் லோன், ஒன்றாகத் தொப்பை. இப்போது ஒன்றாக ஐம்பது. ஒரு பஸ் நிறைய ஐம்பது வயது ஆண்கள்... நினைத்துப் பாருங்கள்!

என் பக்கத்து சீட் எபநேசர். இருபது வருட சிநேகிதர். அன்றைக்கு மார்கழிக் குளிர். எனக்கோ திடீரென்று நெஞ்சிலிருந்து காதுவரை குப்பென்று ஒரு சூடு. சட்டை நனைந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தேன். மஃப்ளர் சுற்றியிருந்த எபநேசர் மூடினார். திறந்தேன். மூடினார்.

“இன்னாய்யா, ஆள சாவடிக்கிறியா?”

“வேர்க்குதுய்யா!”

“மார்கழில வேர்க்குதா? கொழுப்புய்யா உனக்கு!”

அவ்வளவுதான். நான் அவர் கையைத் தட்டிவிட, அவர் என் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட, தயிர்சாதம் தரையில். டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“இன்னா சார் பேஜாரு இது? ஸ்கூல் வேன் ஓட்டிகினு இருந்தப்பகூட இவ்ளோ சண்டை பாத்ததில்ல சார்!”

மறுநாள் எபநேசர் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். பேச்சுவார்த்தை கிடையாது. இருபது வருடம் என் தோளில் தூங்கி விழுந்த மனிதர், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஜமாகவே வலித்தது. ஒருவேளை இனி பேசவே மாட்டாரோ? அன்று சாயங்காலம் டி.வி. சீரியலில் மாமியார் மருமகளைத் திட்ட, எனக்குப் பொலபொலவென்று கண்ணீர். நான் சீரியலுக்கு அழுகிற ஆளா?

பயந்துபோய், வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் ஓடினேன். அங்கே பெஞ்சில் யார்? எபநேசர்!

“சும்மா... சளி” என்றார், சுவரைப் பார்த்து.

“எனக்கும் சும்மாதான்” என்றேன், எதிர்ச் சுவரைப் பார்த்து.

டாக்டர் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டுவிட்டார். உள்ளே போனால் எபநேசருக்கும் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், காரணமில்லாத படபடப்பு.

“சுகர், பிரஷர் டெஸ்ட் பண்ணிடலாம். மத்தபடி வயசு சார். ஹார்மோன் மெதுவா குறையும். கூடவே ஆபீஸ் டென்ஷன். தினமும் நடங்க, காபியைக் குறைங்க, மனசு விட்டுப் பேசுங்க.”

“அப்போ... ஆம்பளைக்கும் அது... மெனோபாஸ் வருமா டாக்டர்?” என்றார் எபநேசர், குரலைத் தாழ்த்தி.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கய்யா. நான் இல்ல, ஹார்மோன்தான் தள்ளிவுட்டுச்சு.” எனக்கு மறுபடியும் கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை நான் துடைக்கவில்லை.

நேராக என் வீட்டுக்குப் போனோம். பேர் தெரிந்த வியாதி வந்த பெருமை இருவருக்கும். சூடு, வியர்வை, படபடப்பு என்று என் மனைவியிடம் மாறி மாறி ஒப்பித்தோம்.

“எனக்கும்தான் வந்தது” என்றாள் அவள், காபியை ஆற்றிக்கொண்டே.

“எப்ப?”

“போன வருஷம் பூரா. தினமும் சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு கத்தினீங்களே... அப்போ.”

எபநேசர் மெதுவாக எழுந்தார். செல்போனோடு வாசலுக்குப் போனார். தன் மனைவி ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.

திரும்பி வந்தபோது மனிதருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நிச்சயமாக அது ஹார்மோன் இல்லை!