ஐயா கட்டிய ஐந்து மாடி

தஞ்சாவூர்க் கடைத்தெருவின் ஐந்து மாடிக் கட்டிடத்தில் ஏறுகிறேன். மேலே நின்றால் வயல் தெரியுமாம். லிஃப்டுக்கு விட்ட குழியில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன.

மூன்றாம் மாடிப் படியில் அஞ்சம்மாள் என்ற குத்தகைதாரர் இளைப்பாறுகிறார்.

"எங்க நெலத்துக்கார ஐயா கட்டினதுதாங்க. நெல உச்சவரம்புச் சட்டம் வருதுன்னு பயந்து நெலத்தை வித்துக் கட்டினாரு. வந்த கம்பெனியெல்லாம் காலி பண்ணிருச்சு. இப்ப நாலாம் மாடியில குத்தகைக் கேஸ் விசாரிக்கிற ஆபீஸ். விக்காத மிச்ச வயலை நான்தான் குத்தகைக்கு உழறேன். அதுலேருந்து என்னை வெளியேறச் சொல்றாரு ஐயா, நான் கேஸ் போட்டிருக்கேன்."

அந்த ஐயாவே கைப்பிடியைப் பற்றி மூச்சிரைக்க ஏறி வருகிறார். எழப்போன அஞ்சம்மாள், எழாமல் சற்று நகர்ந்து இடம் விடுகிறார். ஐயா தயங்கிவிட்டு அருகில் உட்கார்கிறார்.

"ஒரு லிஃப்ட் வச்சிருக்கலாங்களே ஐயா."

"நானே இப்படி ஏறுவேன்னு கண்டேனா?"

"ஒவ்வொரு தடவையும் வாய்தா வாங்குறது நீங்கதானே? எனக்கும் முட்டி வலிக்குதுங்க."

ஐயா சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். மேலிருந்து பியூன் இருவர் பெயரையும் கூப்பிடுகிறார். நானும் பின்னால் ஏறி, வாசலில் நிற்கிறேன்.

"இன்னைக்கும் வாய்தாவா?" என்கிறார் அதிகாரி.

ஐயா முழங்காலைத் தடவிக்கொள்கிறார்.

"வேண்டாங்க. அந்தம்மாவே உழட்டும்னு எழுதிக்குங்க."