அம்மா முகத்தை விடாத கேமரா

கேமரா கடையில் அவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். கையடக்க வீடியோ கேமராவில் பழைய மாடலா, புது மாடலா என்று குழம்பி நிற்பவர்களிடம் வாய்ஜாலம் காட்ட மாட்டார். இரண்டிலும் ஒரே காட்சியை எடுத்து, டிவியில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார். மனுஷனுக்கு வேறு எதிலும் இந்தப் பொறுமை கிடையாது. வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவருடைய மகள் நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டியவள். ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக முழு நீளமும் பிடிமானம் இல்லாமல் நீந்தப் போகிறாள்.

"அப்பா, அந்தப் பக்கச் சுவரை நான் தொடுறதை மட்டும் விட்டுடாதீங்க. எனக்குப் பார்க்கணும்."

ஜட்ஜுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பழைய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார். புதிதாக வந்த மாடலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி எதிர்க்கரையில், மகள் தொட வேண்டிய சுவருக்கு மேலே நின்றாள். விசில் ஊதினார்கள். மற்றப் பிள்ளைகளோடு மகளும் கம்பியை விட்டாள். அவ்வளவுதான், கேமராவின் திரையை மறந்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கேமராவால் பிழைப்பவர் செய்கிற காரியமா அது!

சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் பழையது. படம் கொஞ்சம் மங்கல், ஆனால் குளம் முழுக்க அசையாமல் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி.

"இதுல நான் எங்கப்பா?"

அவருக்கே தெரியவில்லை. மகளின் முகம் தொங்கிப்போனது. அவசரமாகப் புதியதைப் போட்டார். திரை முழுக்க மனைவியின் முகம். புருவத்தை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. தண்ணீரையும் காணோம், மகளையும் காணோம்.

ஜட்ஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிந்து வைத்த முகம் கண்ணில் பட்டால் அதையே கிட்டத்தில் இழுத்துக் காட்டுவது புது மாடலின் சாமர்த்தியம். கடையில் சோதித்துப் பார்த்தபோது மனைவியின் முகத்தைப் பதிந்தவர், அதை அழிக்க மறந்திருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்டா. நிறுத்திடவா?"

"இருங்கப்பா."

திரையில் அம்மா உதட்டைக் கடித்தாள். தானே நீந்துகிறவள் மாதிரி கழுத்தை முன்னால் நீட்டினாள். நடுவில் ஒரு கணம் கண்ணில் அப்படி ஒரு பயம்.

"இங்கதான் எனக்குப் புரையேறிச்சு," என்றாள் மகள்.

பிறகு அம்மாவின் வாய் 'வா, வா' என்று அசைந்தது. சட்டென்று முகம் மலர்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் கலங்கியது.

"தொட்டுட்டேன்!" மகள் துள்ளி எழுந்தாள். "இதோ, இப்பத்தான் தொட்டேன்!"

ஜட்ஜ் மூக்கை உறிஞ்சினார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

மகள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பயந்த முகம் வந்த இடத்தில் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, உனக்குத் தண்ணின்னா இவ்ளோ பயமா?"

"உன்னைவிட ஜாஸ்தி. முழங்கால் நனையக்கூட தண்ணில நின்னதில்லை நான்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீயும் இறங்கும்மா. நான் பக்கத்துலயே இருக்கேன்."