பசையில் பதிந்த விரல் ரேகை

1. காந்திபுரத்தில் நான் வேலை பார்க்கும் பெயிண்ட் கடைக்கு, இறந்துபோன மகன் செய்த பிளாஸ்டிக் விமானத்தோடு ஒருவர் வந்தார்.
2. பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் ஸ்பிரே கேட்டார்.
3. காருக்கு அடிப்பதைக் கொடுத்தேன்.
4. மறுநாளே திரும்பி வந்தார்.

ஒட்ட வெட்டிய நரைமுடி. எதையும் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் நாள், இறக்கையில் காய்ந்திருந்த பசையைக் காட்டினார். அதில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது.

“பையனுதுங்க அம்மணி. பெயிண்ட் அடிக்கோணும்னே சொல்லிட்டிருந்தான். அடிச்சாலும் இது தெரியோணுமுங்க.”

“மெல்லிசா அடிச்சாத் தெரியுமுங்க” என்றேன். நான் டிப்ளமோ படித்தவள்; சோதிக்காமல் தரவில்லை. ஒரு பக்கெட் மூடியில் அடித்துக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கெட் பிளாஸ்டிக் வேறு, விமானத்தின் பிளாஸ்டிக் வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவர் கொண்டுவந்தபோது, ஸ்பிரேயில் இருந்த கரைப்பான் பட்டு இறக்கை இளகிச் சுருங்கியிருந்தது. ரேகை இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது.

“தப்பு என்னுதுங்க” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். “இல்ல கண்ணு. அவன் ஆசைப்பட்டானேன்னு நான்தான் அடிச்சுப்போட்டேன். அப்படியே உட்டிருக்கோணும்.”

நான் சொல்லித்தான் அடித்தார் என்பதை அவர் சொல்லிக்காட்டவே இல்லை. ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இந்த மாதிரி விமானங்களுக்கு ஏற்ற பிரைமர் எங்கள் கடையில் இல்லை. யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.