கௌரி இல்லை, அவுரி

என் பெயரை முதல் தடவையிலேயே சரியாக எழுதியவர்கள் குறைவு. போன மாதம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். வாசலில் பெயர் பதிகிற பெண் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கணினியில் ‘கௌரி’ என்று அடித்தாள். கௌரி இல்லை, அவுரி என்றேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பல்வலியில் நாக்குக் குழறுகிறது என்று நினைத்திருப்பாள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவராகவே கௌரி என்று எழுதிவிட்டார். அம்மா நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் அடித்துத் திருத்தினார். அந்தத் திருத்தலைப் பார்த்த பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லாமல் ‘அவுரு’ என்றுதான் சொல்வார்கள். நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, “அவுரு வந்துட்டாருங்களா?” என்று பணிவாகக் கேட்பாள். மூன்றாம் வகுப்பு முழுக்க அழுதேன். நான்காம் வகுப்பில், பேரை மாற்றிக் கொடு என்று அம்மாவை நச்சரிக்க ஆரம்பித்தேன். அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிடுவாள். காரணம் சொல்ல மாட்டாள்.

அப்போது நாங்கள் சங்ககிரியில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலைக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பா லாரி ஓட்டினார். வடக்கே சுமை ஏற்றிப் போனால் வீடு திரும்பப் பதினைந்து நாள் ஆகும். மற்ற நாட்களில் அம்மா, நான், மாமா மூன்று பேர்தான். மாமா அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். லாரிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் பெயிண்டர். நெற்றிப் பலகையில் பெயர் எழுதுவார், பக்கப் பலகைகளில் மலையும் ஆறும் அன்னமும் வரைவார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கடைக்காரரிடம்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவார். என்னிடம் மட்டும் பேசுவார். அதுவும் என் பெயரைப் பற்றி என்றால் நேரம் போவது தெரியாமல் பேசுவார்.

அவுரி ஒரு செடி என்று முதலில் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த கொல்லையின் வரப்பில் முழங்கால் உயரத்துக்கு நின்றிருந்தது. புளியிலை போலச் சின்னச் சின்ன இலை. இதுதானா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் ஒரு பிடி இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். பச்சையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ரேகைகளில் லேசாக நீலம் ஏறியிருந்தது. இரண்டு நாள் அந்தக் கையை நான் சரியாகக் கழுவவில்லை.

அவுரி என்று ஒரு ராஜகுமாரியும் உண்டு என்பார். அது அவர் தானே கட்டிய கதை என்று இப்போது தெரிகிறது. ஒரு காலத்தில் உலகத்தில் நீல நிறமே இல்லையாம். அவள் கால் பட்ட இடமெல்லாம் நீலமாகுமாம். குளத்தில் இறங்கினாள், குளம் நீலமானது. ஒருநாள் யாரோடோ கோபித்துக்கொண்டு மலைக்குள் நடந்து போனவள் திரும்பவே இல்லை. அதனால்தான் தூரத்து மலையெல்லாம் நீலமாகத் தெரிகிறது. அவள் எப்போது திரும்பி வருவாள் என்று கேட்பேன். கதை இன்னும் முடியவில்லை என்பார்.

அவர் பெயிண்ட் அடித்த ஒவ்வொரு லாரியிலும், யாரும் கவனிக்காத ஒரு மூலையில், சின்னதாக ஒரு அவுரிக் கிளை வரைந்திருப்பார். என் பெயர் நாக்பூர் வரை போய் வருகிறது என்று எனக்குப் பெருமை. அதைவிடப் பெரிய சேதி ஒன்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறதாம். ராஜகுமாரியை நம்பிய எனக்கு ஏனோ இதை மட்டும் நம்ப முடியவில்லை.

“ஏனுங் மாமா, நெசமாலுமே ஊரு இருக்குதுங்களா?”

“இருக்குது சாமி.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

பாத்திருக்கேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பங்குனி மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. மாமாவுக்கு ஈரோட்டுப் பக்கம் பெண் பார்த்து நிச்சயம் செய்தார்கள். வைகாசியில் கல்யாணம். அடுத்த வாரமே, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், என் பேரைக் கௌரி என்றே மாற்றிவிடலாம் என்றாள். வேறு பள்ளிக்குப் போகச் சான்றிதழ் எழுதுவதற்கு முன் மாற்றினால் எளிது என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தாராம். அப்பா வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு வருடம் அழுது கேட்டும் கிடைக்காதது இப்படிச் சும்மா வந்து மடியில் விழுந்ததில் நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பிரஷ் வாங்க ராசிபுரம் போகிறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். விடிந்தும் விடியாததுமாக மொபெட்டில் கிளம்பினோம். அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டேன். எத்தனை துவைத்தாலும் தின்னர் வாசம் போகாத சட்டை அது. திருச்செங்கோட்டு மலை ஒரு பக்கமாக வந்து, எங்கள் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, பின்னால் நின்றுவிட்டது. கண் சொக்கிச் சொக்கி விழித்தேன். ராசிபுரம் வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விழித்துக்கொண்டுவிடுவேன் என்று தோன்றியது.

நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் உலகம் மஞ்சளாகிவிட்டது. வேகவைத்த மஞ்சளைக் களம் களமாகப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். பெண்கள் அதற்குள் நடந்து காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாதமும் சேலைக்கரையும் மஞ்சள். வெயிலே மஞ்சள் வாசம் அடித்தது. எதிரே மலை நீலமாக நின்றது. ராஜகுமாரியின் மலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் கிட்டப் போகப் போக நீலம் வடிந்து, பாறையும் முள்ளுமாக, சாதாரணப் பச்சையாகிவிட்டது. மாமாவின் முதுகைத் தட்டிச் சொன்னேன்.

“கிட்ட வந்தா அப்படித்தான் சாமி,” என்றார்.

ஒரு கிளைச் சாலை திரும்புகிற இடத்தில், புளியமரத்தடியில், வண்டியை நிறுத்தினார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘அவுரிக்காடு’ என்று இருந்தது. நான் இறங்கிப் போய் என் பெயரின் மூன்று எழுத்துகளையும் விரலால் தடவினேன். ஒவ்வொன்றும் என் முகம் அளவுக்கு இருந்தது.

ஊருக்குள் அவர் வரவில்லை. வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்றார். அம்மன் கோயிலைத் தாண்டி மூன்றாவது வீட்டுக் களத்தில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேள், பேர் கேட்டால் சொல்லு, வேறொன்றும் வேண்டாம் என்று அனுப்பினார்.

மூன்றாவது களத்தில் ஒருத்தி மஞ்சள் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மாவைவிடச் சின்னவள். நெற்றியில் வியர்வை, கழுத்தில் தாலிக்கயிறு. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே செம்பில் தண்ணீர் மொண்டு தந்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் பேர் கேட்டாள். வழக்கம்போலத் திருத்தத் தயாராக இரண்டு தரம் சொன்னேன். அவுரி, கௌரி இல்லை.

அவள் சிரித்தாள். “என்ற பேரும் அதுதாஞ் சாமி.”

இந்த ஊரில் களத்தில் நின்று அவுரி என்று கூப்பிட்டால் நாலு பேர் ஏன் என்பார்கள் என்றாள். கோயிலில் இருப்பது அவுரியம்மன். ஆதியில் அவுரிச் செடிக்குள் கிடந்து கிடைத்த அம்மனாம். அதனால் வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது அந்தப் பெயர். நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அங்கேயே நின்று கூப்பிட்டுக் காட்டினாள். பக்கத்துக் களத்திலிருந்து ஒரு பெரியம்மா தலையைத் தூக்கினார். கிணற்றடியிலிருந்து, சோப்பு நுரை ஒட்டிய கையோடு என் வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மூன்று அவுரிகளும் என்னைப் பார்த்தார்கள். யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. அங்கே அது செல்வி, லட்சுமி மாதிரி ஒரு பேர். அந்த மஞ்சளுக்கு நடுவில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தப் பேரை உனக்கு யார் வைத்தது என்று அவள் கேட்டாள். அம்மா வைத்தாள், ஆனால் மாமாவுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும் என்றேன். மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறார், படமெல்லாம் வரைவார், அதோ புளியமரத்தடியில் நிற்கிறார் என்றேன்.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வெயில் கூசுகிறவளைப்போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு போசி நிறைய மோர் கொண்டுவந்தாள். வெயிலில் வந்தவருக்குத் தாகமாக இருக்கும், கொண்டுபோய்க் கொடு என்றாள்.

சிந்தாமல் கொண்டுபோனேன். மாமா ஒரே மூச்சில் குடித்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கை நீட்டியும் தரவில்லை. வண்டியில் இருந்த பாட்டில் தண்ணீரால் அதைக் கழுவி, வேட்டி நுனியால் துடைத்து, அப்புறம்தான் கொடுத்தார்.

நான் திருப்பிக் கொண்டுபோனபோது அவள் களத்து ஓரத்துக்கே வந்து நின்றிருந்தாள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். வைகாசியில் என்றேன். நல்லா இருக்கட்டும் என்றாள். எனக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்னிடம் இருந்த ஒரே புதுச்சேதியைச் சொன்னேன்.

“என்ற பேரை மாத்தப் போறாங்க. கௌரின்னு.”

அவள் என் தலையில் கை வைத்தாள். “கௌரியும் நல்ல பேருதாஞ் சாமி,” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மஞ்சளுக்குள் இறங்கி, கீழே பார்த்தபடி கிளற ஆரம்பித்துவிட்டாள். அவள் போட்டுக்கொண்டு போன கால்தடம் வளைந்து வளைந்து களத்தின் அடுத்த கோடி வரை போனது. ஏன் என்று தெரியாது, அங்கிருந்து புளியமரம் வருவதற்குள், பேரை மாற்றிக்கொள்வதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

திரும்பும் வழியிலும் ராசிபுரத்தில் வண்டி நிற்கவில்லை. பிரஷ் வாங்கவும் இல்லை.

அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, பாதத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். ராசிபுரத்தில் மஞ்சள் ஏது என்று கேட்டாள். என் ஊருக்குப் போய்வந்தோம், அங்கே இன்னொரு அவுரியைப் பார்த்தேன் என்றேன். அம்மாவின் கை என் காலைப் பிடித்தபடியே இருந்தது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“அவ எப்படி இருந்தா?” என்றாள்.

நன்றாக இருந்தாள், மோர் கொடுத்தாள் என்றேன். பிறகு, எனக்குக் கௌரி வேண்டாம், அவுரியே போதும் என்றேன். அம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். புதுப் பள்ளியிலும் கேலி செய்வார்கள் என்றாள். புதுப் பாவாடை எடுத்துத் தருகிறேன் என்றாள். வடக்கேயிருந்து திரும்பிய அப்பா, பிள்ளைக்கே வேண்டாமென்றால் விட்டுவிடேன் என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டார். சான்றிதழில் அவுரி என்றே எழுதி வாங்கினேன். அந்த வருடத்தில் நான் ஜெயித்த ஒரே சண்டை அது.

நான் கல்லூரி முடித்த வருடம், துணி மடித்துக்கொண்டிருக்கையில், அம்மா அதைச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் அவுரியம்மன் கோயிலுக்கு வர்ணம் அடிக்க மாமா போயிருந்தார். நாற்பது நாள் வேலை. அந்தப் பெண்ணோடு பழக்கமாகிவிட்டது. அவர்கள் வேறு ஆட்கள். தெரிந்ததும் அவள் வீட்டில் பத்தே நாளில் உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்துவிட்டார்கள். மாமாவை அடித்து அனுப்பினார்கள். வந்தவர் வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை.

“பேச்சே இல்லாமப் போயிருவானோன்னு பயந்துட்டேன்,” என்றாள் அம்மா. “உனக்கு அந்தப் பேரை வெச்சா, உன்னைக் கூப்பிடவாவது வாயைத் தொறப்பான்னு நெனச்சேன். தொறந்தான்.”

பத்து வருடம் கழித்து அவருக்குப் பெண் அமைந்தபோது, புதிதாக வருகிறவள் காதில் அந்தப் பெயர் விழவேண்டாம் என்று அம்மா அதை எடுத்துவிடப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் நான் பிடிவாதம் பிடித்துக் கெடுத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எனக்காக என்று வேறு அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த அந்த வைகாசியில் கல்யாணம் ஆகி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளை மனசுக்காரி, குரல் கணீரென்று இருக்கும். மறுநாள் காலை மாமா முற்றத்தில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா இட்லிக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, கையில் மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டு, எனக்குப் பூ வைத்துவிடுவதற்காக, வீடு முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு எழுத்துப் பிசகாமல், முதல் தடவையிலேயே சரியாக.

மாமாவின் ரேசர் கன்னத்தில் அப்படியே நின்றது. அம்மா துணியைப் பிழியாமல் பிடித்திருந்தாள், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் என்னவென்று புரியவில்லை. புது அத்தைக்கு என் பேர் சரியாக வருகிறதே என்ற சந்தோஷத்தில், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து வாசலுக்கு ஓடினேன்.